பிரஷ் எழுத்து, பிளேடு எழுத்து

முக்கூடல் சொக்கலால் பீடி விளம்பரத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. பள்ளிக்கூடத்துப் புத்தகத்துக்கு முன்னால் சுவர்தான் கண்ணில் படும். அம்பாசமுத்திரத்திலிருந்து கல்லிடைக்குறிச்சி, மணிமுத்தாறு, பாபநாசம் என்று எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் பீடி, உரம், சோப்பு, ஜவுளிக்கடை, கட்சிச் சின்னம் எல்லாம் கையால் எழுதியதுதான். மூலையில் பொடியாக எழுதியவர் பெயர் இருக்கும். பெரும்பாலும் ‘ஆர்ட்ஸ்’ என்று முடியும்.

அந்த ஆர்ட்டிஸ்ட் சைக்கிள் கேரியரில் பெயின்ட் டின்னைக் கட்டிக்கொண்டு, ஹேண்டில்பாரில் டர்பென்டைன் பாட்டிலைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவார். முதலில் சுவருக்கு வெள்ளை. காய்ந்ததும் நீலப்பொடி தடவிய நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டிவிடுவார், கோடு விழும். மேலே ஒன்று, கீழே ஒன்று. அந்த இரண்டு கோட்டுக்குள் சாக்பீஸால் மெலிதாக எழுதிப் பார்ப்பார். புதுப் பையன் எழுதினால் ‘ஸ்டோர்ஸ்’ என்ற சொல்லின் கடைசி ‘ஸ்’ சுவர் முனையில் நசுங்கி நிற்கும். கைதேர்ந்தவர் கடைசி எழுத்திலிருந்து இடத்தை எண்ணிக்கொண்டு வருவார். பிறகு எழுத்து, அது காய்ந்ததும் ஒரு பக்கம் ஷேடு, எல்லாம் முடிந்தபின் புள்ளிகளை வரிசையாக வைத்துக்கொண்டு போவார். கூலி எழுத்துக்கு இவ்வளவு என்று பேசுவதுண்டு. சின்னக் கடைக்காரர்கள் அதனாலேயே கடைப் பெயரைச் சுருக்கமாக வைத்தார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஏணியில் நின்று எழுதுகிறவருக்கும் அரசாணை வந்து சேரும். 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியது. அதுவரை தும்பிக்கை வைத்து ஒரே எழுத்தாக எழுதிய லை, னை எல்லாம் முன்னால் சங்கிலிக்கொம்பு போட்டு இரண்டாகப் பிரிந்தன. ணா, றா, னா துணைக்கால் வாங்கின. பழைய பலகையில் கச்சிதமாக அடங்கிய பெயருக்குப் புது எழுத்தில் இடம் பற்றவில்லை. கடைப்பலகையில் தமிழுக்கு 5, ஆங்கிலத்துக்கு 3, பிற மொழிக்கு 2 என்ற அளவு விகிதத்தையும் ஆர்ட்டிஸ்ட்தான் கண்ணளவில் பார்த்துக்கொண்டார். கையில் பிரஷ் பிடித்தவர்களுக்குப் பழைய நெல்லைச் சீமையில் மரியாதை உண்டு. நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதக் கோவில்பட்டி வந்து, காலண்டர் படங்களால் நாடறிந்தவரான கொண்டையராஜு அன்றைய திருநெல்வேலி ஜில்லாக்காரர்தான். கோவில்பட்டியையும் சேர்த்துக்கொண்டு தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986-ல்.

பிரஷ்ஷின் சோறு ஒரே நாளில் போகவில்லை. புகையிலை விளம்பரத் தடைச் சட்டம் 2003-ல் வந்து, அடுத்த ஆண்டு மே மாதத்திலிருந்து பீடிச் சுவர்கள் வெள்ளையாயின. தேர்தல் கமிஷன் கெடுபிடியில் கட்சிச் சுவர்கள் குறைந்தன. மிச்சத்தை ஃப்ளெக்ஸ் தின்றது. மூன்று நாள் எழுத வேண்டிய பலகையை மூன்று நிமிடத்தில், முதலாளியின் சிரித்த முகத்தோடு, மெஷின் துப்பிவிட்டது.

பிரஷ்ஷுக்கும் ஃப்ளெக்ஸுக்கும் நடுவில் ஒரு காலம் இருந்தது. அதைப் பலர் மறந்தேவிட்டார்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மர நிழலில் ஒரு ஸ்டூல், ஒரு கண்ணாடித் துண்டு, பாதியாக ஒடித்த ஷேவிங் பிளேடு, மஞ்சளும் சிவப்புமாக ரேடியம் ஷீட்டுகள். ‘ரேடியம் ஒர்க்ஸ்’ என்று சின்னதாக ஒரு தகரம் தொங்கும். பைக் நம்பர் பிளேட்டிலிருந்து லாரி முகப்பில் ‘கண் திருஷ்டி’ வரை அவர் கையால் வெட்டி ஒட்டினார். ஷீட்டை அறுக்க வேண்டும், பின்தாளை அறுக்கக் கூடாது. அந்த அழுத்தம் விரலில் இருந்தது. இன்றைய மெஷின் கற்றுக்கொண்டதும் அதே வேலைதான்.

அந்த மெஷினை எங்கள் ஊர்க் கடைகளில் பிளாட்டர் என்கிறார்கள், கட்டிங் மெஷின் என்கிறார்கள். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கெர்பர் கம்பெனி, பலகை எழுதுகிறவர்களுக்கென்றே எழுத்து வெட்டும் மெஷினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பின்னாலேயே ஜப்பானின் ரோலண்ட் வந்தது. நம் சின்ன ஊர்களுக்கு அது எட்டியது சீன மெஷின்கள் வந்த பிறகுதான். இரண்டடி அகலச் சீன மெஷின் நாற்பதாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. ஜப்பான் சரக்கு லட்சத்தைத் தாண்டும். உள்ளே இருப்பது ஒரு சின்ன ஊசிக்கத்தி. தன் அச்சில் தானே திரும்பும். எழுத்து எந்தப் பக்கம் வளைந்தாலும் கத்தியின் வாய் அந்தப் பக்கம் பார்க்கும். சாதாரண வினைலுக்கு 45 பாகை பிளேடு, தடித்த ரேடியம் ஷீட்டுக்கு 60 பாகை. வினைல் கிட்டத்தட்ட 80 மைக்ரான் தடிமன். அதை முழுக்க வெட்டி, அடித்தாளில் கீறல் மட்டும் விழுந்தால் அழுத்தம் சரி. லேசர் மெஷின் வைத்திருப்பவர்களிடம் வினைலைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பி.வி.சி. எரிந்தால் குளோரின் கலந்த நச்சுப்புகை வரும். ஆளுக்கும் ஆகாது, மெஷினுக்கும் ஆகாது. கத்தி வேலை இன்னும் கத்தியிடமே இருப்பதற்கு இது முக்கியமான காரணம்.

மெஷின் வாங்கியவர் முதல் வாரத்திலேயே திணறுவது தமிழில்தான். ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும். தமிழ் ஃபான்ட்டில் ‘கி’யின் கொக்கி ‘க’வின் மேல் ஏறிக் கிடக்கும். திரையில் ஒரே கறுப்பாகத் தெரிவதால் கண்ணுக்குப் புலப்படாது. மெஷின் இரண்டு வடிவத்தின் ஓரத்தையும் தனித்தனியாக வெட்டி, எழுத்தின் வயிற்றுக்குள் ஒரு கீறலைப் போட்டுவிடும். கோரல் ட்ரா சாஃப்ட்வேரில் எழுத்துகளை வெல்டு செய்து ஒன்றாக்கிய பிறகுதான் வெட்ட அனுப்ப வேண்டும்.

அடுத்தது உரிப்பு. வெட்டி வெளியே வரும் ஷீட்டைப் பார்த்தால் வெட்டியதே தெரியாது. ஒரு மூலையில் நகத்தால் கிளப்பி, வேண்டாத பகுதியை ஷீட்டோடு படியவைத்து, மெதுவாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். ‘ந’வின் வால் கூடவே எழும், அதைக் குண்டூசியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். ‘ஞ’வின் உள்வளைவில் இருக்கும் கழிவு தனியாக நிற்கும், இடுக்கியால் எடுக்க வேண்டும். புள்ளி சொல்லாமல் கொள்ளாமல் கழிவோடு போய்விடும். ‘பட்டவராயன்’ என்ற சாமி பெயர் புள்ளியில்லாமல் ‘பட்டவராயன’ ஆகி நிற்பதை ஒட்டி முடித்த பிறகுதான் ஆள் கவனிப்பார். ஆகவே சின்ன எழுத்து வேலைகளில் அனுபவப்பட்டவர்கள் புள்ளியை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்கிறார்கள். உரித்தபின் மேலே டிரான்ஸ்ஃபர் டேப்பை ஒட்டி, எழுத்தை அப்படியே தூக்கி, வண்டியில் வைத்து, பழைய ஏ.டி.எம். கார்டால் தேய்த்து, டேப்பை உரிக்க வேண்டும். பெரிய கண்ணாடியானால் சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டினால் நகர்த்திச் சரிசெய்ய முடியும்.

மெஷின் வெட்டுவது இரண்டு நிமிடம், உரிப்பதும் ஒட்டுவதும் அரை மணி நேரம். கூலி அந்த அரை மணி நேரத்துக்குத்தான். ஒரு பைக் ஸ்டிக்கருக்குள் போகும் ஷீட்டின் விலை டீக்காசுகூட ஆகாது. மெஷின் இருந்தால் போதும், பணம் கொட்டும் என்று சொல்லி விற்கிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

ஸ்டிக்கர் கடை என்றதும் நினைவுக்கு வரும் வேலைகளைச் சட்டம் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. 2012 ஏப்ரலில் கார் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து தயாரான வண்டிகளுக்கு உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட் கம்பெனியிலிருந்தே வருகிறது, டி.என். 72, டி.என். 76 என்று விதவிதமாக வெட்டி ஒட்டிய காலம் பழைய வண்டிகளோடு முடிந்துவிடும். 2024 மே மாதம் சென்னையில் ‘பிரஸ்’, ‘போலீஸ்’, ‘அட்வகேட்’ ஸ்டிக்கர்களைப் போக்குவரத்துப் போலீஸ் உரிக்கச் சொன்னதும் அந்தப் பயம் தெற்கேயும் பரவியது. இன்று இந்த மூன்றை நம்பிக் கடை போடுகிறவர் ஆறு மாதம் தாங்க மாட்டார்.

அப்படியானால் எதில் காசு? எனக்குத் தெரிந்த பதில், சிவகாசியிலிருந்தும் டில்லியிலிருந்தும் கட்டுக்கட்டாக வர முடியாததில். முருகன் வேல் ஸ்டிக்கர் எங்கும் கிடைக்கும். கோபமான முகத்தோடு காவி நிறத்தில் ஒரு அனுமன் நாடு முழுக்கக் கார்களில் ஓடுகிறாரே, அது காசர்கோடு பக்கத்துக் கும்பளையைச் சேர்ந்த கரண் ஆச்சார்யா 2015-ல் ஊர்ப் பையன்களின் விநாயகர் சதுர்த்திக் கொடிக்காக வரைந்தது. எல்லாக் கடையும் அதை வெட்டுகிறது. எல்லோரும் வெட்டுவதால் விலை விழுந்துவிட்டது. ஆனால் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆடி அமாவாசைக்குக் குடில் போட்டுத் தங்குகிற குடும்பத்துக்கு வேண்டியதை வேறு யாரும் வெட்டி அனுப்ப முடியாது.

“அண்ணாச்சி, வேன் பின் கண்ணாடியில ‘பட்டவராயன் துணை’ன்னு போடணும். ரெண்டு வரியா வேணும்.”

“கலரு என்ன தம்பி?”

“மஞ்ச. கீழ சின்னதா சிங்கம்பட்டின்னு வந்துரணும். தேரோட்டம் மாதிரி வளைச்சிப் போட்டுராதீய.”

பட்டவராயன், பேச்சியம்மன், சுடலை, மந்திரமூர்த்தி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாமி, ஒரு ஊர், ஒரு தாத்தா பெயர். ஆடி மாதத்தில் இந்த வேலைக்குக் கடைகளில் ஆள் நிற்பார்கள்.

மணிமுத்தாறு சின்ன ஊர்தான். 1958-ல் கட்டி முடித்த 118 அடி அணை, சிறப்புக் காவல் படை முகாம், வனத்துறைச் செக்போஸ்ட், அருவிக்கும் மாஞ்சோலைக்கும் ஏறும் வண்டிகள். இவற்றைச் சுற்றியே வேலையும் இருக்கிறது. போலீஸ் வேலைக்குத் தயாராகிற பையன்களின் டி-ஷர்ட், வாலிபால், கபடி அணிகளின் ஜெர்சி, முதுகில் பெயரும் நம்பரும். இதற்குச் சூட்டில் ஒட்டும் தனி வினைல் இருக்கிறது. எழுத்தை இடவலமாகத் திருப்பி வெட்டி, துணியில் வைத்து, ஹீட் பிரஸ்ஸில் 150 டிகிரியில் பத்துப் பதினைந்து வினாடி. ஒரு அணி என்றால் ஒரே நாளில் பதினைந்து சட்டை. பெயர் மட்டும் மாறும். மொத்தமாக அச்சடிக்கும் ஸ்கிரீன் பிரின்டிங்காரருக்கு அந்த எண்ணிக்கை கட்டுப்படியாகாது. இடைவெளி அங்கேதான் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது கல் வேலை. எங்கள் பக்கத்தில் கல்லில் எழுத்து வெட்டுவது புதிதல்ல. வரகுண பாண்டியனின் அம்பாசமுத்திரம் கல்வெட்டு ஒன்பதாம் நூற்றாண்டுச் சங்கதி. ஒவ்வொரு எழுத்தையும் உளியால் தட்டியிருக்கிறார்கள். இன்று திறப்பு விழாக் கல், வீட்டுப் பெயர்க் கல், கோயில் உபயதாரர் பட்டியல் எல்லாம் வினைலிலிருந்துதான் தொடங்குகிறது. பளபளப்பாக்கிய கருங்கல்லின் மேல் தடித்த வினைல் ஷீட்டை ஒட்டி, எழுத்தின் பகுதியை மட்டும் உரித்துவிட்டு, காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சுவார்கள். ஷீட் மூடிய இடம் அப்படியே இருக்கும். திறந்த இடம் குழியும். பிறகு பொன்வண்ணப் பெயின்ட். நூறு பெயர் கொண்ட உபயதாரர் கல்லில் எழுத்துப்பிழை வந்தால் கல்லே போச்சு. அதனால் வெட்டும் முன்னால் தாளில் எடுத்துத் தர்மகர்த்தாவிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது. பெயருக்கு முன்னால் இனிஷியல் விட்டுப்போனால் ஊரில் சண்டை வரும்.

பூஜை அறைக் கண்ணாடிக் கதவில் குத்துவிளக்கு, கிச்சன் அலமாரிக் கண்ணாடியில் கொடி என்று எட்சிங் வேலையும் இதே வழிதான். கண்ணாடியாகையால் குழி ஆழமாக வேண்டாம், புகைமூட்டம் போல் வந்தால் போதும். டைல்ஸ் போட்ட வாசற்படிக்குக் கோல ஸ்டிக்கர் கேட்கிறார்கள். கடையில் வாங்கினால் அளவு பொருந்தாது, படியின் நீளத்துக்கு வெட்டித் தந்தால் வாங்குகிறார்கள். அரிசிமாவுக் கோலம் போட்ட ஆச்சிகளுக்கு இது பிடிக்காது. எறும்புக்கு என்ன போடுவாய் என்பார்கள். அவர்கள் கேள்வி சரிதான், ஆனால் முழங்கால் வலியும் சரிதான்.

சுண்ணாம்பு அடித்த சுவரில் வினைல் நிற்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஊறிய சுவரில் சத்தியமாக நிற்காது. அதற்கு மாற்று, வினைலைத் தாளோடு சேர்த்து அச்சாக வெட்டி, சுவரில் பிடித்துப் பெயின்ட்டை ஸ்பாஞ்சால் ஒற்றுவது. பழைய மில்களில் பேல் மேல் மார்க் போடத் தகர அச்சு வைத்திருந்தார்களே, அதே வழி. அப்பளக் கட்டு அட்டைப்பெட்டிக்கு, நெல் மூட்டைக்கு, தண்ணீர்த் தொட்டிக்கு, ‘ஆழமான பகுதி, குளிக்காதீர்’ பலகைக்கு இது போதும். கல்லிடைக்குறிச்சி அப்பளக்காரர் ஒருவர் பத்து வருஷம் வைத்துப் புழங்கும் அச்சு வேண்டுமென்றால் ஷீட்டை மாற்றி ஓ.எச்.பி. பிளாஸ்டிக்கில் வெட்டித் தரலாம்.

வீட்டிலிருந்தே செய்கிற பெண்கள் இப்போது கூடிவருகிறார்கள். வளைகாப்பு, சடங்கு, பிறந்தநாளுக்குக் கண்ணாடியில் பெயர் எழுதிய வரவேற்புப் பலகை, ஸ்டீல் பாட்டிலில் குழந்தை பெயர், தாம்பூலப் பையில் மணமக்கள் பெயர். ஏ4 அகலத்துக்கு வெட்டுகிற குட்டி மெஷின்கள் மேசை மேலேயே அடங்கும். உரிப்பதற்குப் பொறுமை வேண்டும். பாய் முடைந்த, பீடி சுற்றிய விரல்களுக்கு அது புதிதல்ல. கடன் வேண்டுமென்றால் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கிராமப்புறப் பெண்களுக்கு 35 சதவீதம் வரை மானியம் உண்டு. ஆனாலும் ஆர்டர் பிடிக்கும் முன்னால் மெஷின் பிடிப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2024-ல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை இழந்த குடும்பங்களைப் பற்றிப் பேசும்போதும் சிலர் சுயதொழில் என்று லேசாகச் சொல்லிவிடுகிறார்கள். மாதச் சம்பளம் நின்ற வீட்டுக்கு மெஷின் தவணை இன்னொரு சுமை. வேறு கடையில் வெட்டி வாங்கி, உரித்து ஒட்டி விற்றுப் பார்த்து, மூன்று மாதம் கை ஓடினால் பிறகு வாங்கலாம்.

நெல்லை மாவட்டத்தில் ஸ்டிக்கர் தொழிலைப் பற்றி எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விடுவது யோக்கியமில்லை. பைக்கில், சைக்கிளில் சாதிப் பெயர், சாதிக்கொடி நிறத்தில் பட்டை, தலைவர் படம். ஒரு காலத்தில் கடைகளுக்கு உறுதியான வருமானம் இதுதான். இன்றும் கேட்டு வருகிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனை அவன் வீட்டிலேயே சக மாணவர்கள் அரிவாளால் வெட்டிய பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், கையில் கட்டும் நிறக் கயிறுகளோடு சாதி அடையாளம் பூசிய சைக்கிளையும் சேர்த்தே பள்ளிக்குக் கொண்டுவரக் கூடாது என்றது. ஒரு கமிட்டி அறிக்கையில் சைக்கிள் பெயின்ட் இடம்பெறுகிறது என்றால் அதைப் பூசியவரும் வெட்டி ஒட்டியவரும் அதில் இருக்கிறார்கள். “நான் ஒட்டலேன்னா அடுத்த கடைக்காரன் ஒட்டுவான்” என்கிறார்கள். ஒட்டட்டும். பள்ளிக்கூடச் சைக்கிளுக்கு மட்டுமாவது மாட்டேன் என்று சொல்கிற கடை நஷ்டப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பழைய ஆர்ட்டிஸ்டுகள் எங்கே போனார்கள்? சிலர் கும்பாபிஷேகத்துக்குக் கோபுரம் வண்ணம் தீட்டப் போகிறார்கள், சிலர் பள்ளிக்கூடச் சுவரில் திருவள்ளுவர் எழுதுகிறார்கள், சிலர் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டார்கள். டில்லியில் ஹனிஃப் குரேஷி என்ற ஓவியர் தெருப் பெயின்டர்களின் கையெழுத்தை வாங்கி, அவர்கள் பெயரிலேயே ஃபான்ட்டாக்கினார். விற்ற பணத்தில் பெயின்டருக்கும் பங்கு போனது. எங்கள் பக்கத்து ஸ்டிக்கர் கடைகளில் பெரும்பாலும் பாமினி ஃபான்ட்டும் அதன் சொந்தக்காரர்களும்தான். ஜவுளிக்கடையும் ஜெராக்ஸ் கடையும் ஒரே முகத்தோடு நிற்கின்றன. வித்தியாசமாக வேண்டும் என்று கேட்டு இரண்டு மடங்கு கொடுக்கிற ஆள் இப்போது உண்டு. காபிக்கடை வைக்கிற பையன்கள், புது வீடு கட்டுகிறவர்கள். அவர்களுக்கு ஊர் ஆர்ட்டிஸ்டின் எழுத்தை வெட்டிக் கொடுக்கலாம்.

வழி ஒன்றும் கடினமில்லை. வெள்ளைச் சார்ட்டில் கறுப்பு இங்கில் அவரை எழுதச் சொல்லி, எழுத்துக்கு இவ்வளவு என்று முன்பணம் கொடுத்துவிட வேண்டும். 247 எழுத்தும் எழுத வேண்டியதில்லை. உயிர் 12, மெய் 18, உகர ஊகார வரிசைகள், டி, டீ, பிறகு கால், கொம்பு, கொக்கி போன்ற துணை எழுத்துகள் இருந்தால் மற்றவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். போனில் படம் எடுத்து அப்படியே ட்ரேஸ் கொடுத்தால் ஓரம் முழுக்க நோட் என்கிற முனைப்புள்ளிகள் நூற்றுக்கணக்கில் விழும்; பிளேடு ஒவ்வொன்றிலும் தயங்கித் தயங்கிப் போகும், ஓரம் பிசிறும். நோட்டுகளைக் குறைத்து வளைவைச் சீராக்கிய பிறகு, வெட்டிய ஷீட்டை அவரிடமே ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. ‘ழ’வின் சுழி எங்கே தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்பதைக் கோரல் ட்ரா அறியாது.